குட்டைக் கைப்பிடி

எங்கள் கம்பெனியில் என் அறை மூலையில் ஒரு களை எடுக்கும் எந்திரம் நிற்கிறது. வரிசை நடவு வயலில் கையால் தள்ளிக்கொண்டு போகிற வகை. நான் கல்லூரியில் செய்தது. பெயின்ட் உரிந்துவிட்டது, சக்கரத்தில் பல் உடைந்திருக்கிறது. கைப்பிடி மட்டும் அன்று வைத்த உயரத்திலேயே இருக்கிறது. அறைக்கு வருகிற ஆண்கள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, இவ்வளவு குட்டையா இருக்கு?" என்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்குக் கல்லூரியில் விற்பனைப் பாடம் எடுத்த சேல்ஸ் சார் நினைவு வந்துவிடும்.

தஞ்சாவூரில் நான் படித்த படிப்பின் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கம் யாருக்கும் விளங்காது. பாதி நாள் பட்டறையில் வெல்டிங். மீதி நாள் வகுப்பில் விற்பனை, ஒரு பொருளை யாருக்காகச் செய்வது, எப்படிச் சந்தைக்குக் கொண்டுபோவது என்கிற பாடங்கள். "இன்ஜினியருக்குப் படிக்கிறியா, கடையில நிக்கப் படிக்கிறியா?" என்று சித்தப்பா ஒரு கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் கேலி செய்தார். "ரெண்டுக்குந்தான் சித்தப்பா, நீங்க ஒண்ணுக்குமே படிக்கலையே" என்றேன். அம்மா இலைக்கு அடியில் கையைவிட்டு என் தொடையைக் கிள்ளினாள். அவள் அப்போதும் மன்னார்குடிப் பக்கம் அடுத்தவர் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என் வாய்த்துடுக்கால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று அவளுக்கு எப்போதும் பயம்.

சேல்ஸ் சார் வெகுகாலம் டிராக்டர் விற்றுவிட்டு வாத்தியாராக வந்தவர். கனத்த குரல், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பேனாவால் மேசையைத் தட்டித் தட்டித்தான் பேசுவார். வாயே திறக்காத பிள்ளைகளை டீக்கடைக்கு இழுத்துப் போய், முன்பின் தெரியாதவர்களிடம் பேசவைத்துக் கூச்சத்தைப் போக்கினார். நல்ல வாத்தியார், அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் ஒரு பாடத்தை மட்டும் மந்திரம்போல ஓதிக்கொண்டே இருந்தார். "பணம் குடுக்குறவன்தாம்மா கஸ்டமர். மத்தவங்கல்லாம் வேடிக்கை பாக்குறவங்க."

கடைசி வருடம் நாங்களே ஒரு பொருளைச் செய்து உண்மையான ஒருவருக்கு விற்றுக்காட்ட வேண்டும். விற்காவிட்டால் பாஸ் இல்லை. பாஸ் இல்லையென்றால் கல்லூரிக்கு வந்து என்னைத் தேர்ந்தெடுத்த கம்பெனியின் வேலையும் போய்விடும். நான் களை எந்திரம் செய்தேன். கைப்பிடியை அம்மாவை நிற்கவைத்து, அவள் இடுப்புக்கு அளவெடுத்து வைத்தேன். வயலில் அதைத் தள்ளப்போகிறவர்கள் அவளும் அவள் கூட்டத்துப் பெண்களும்தான்.

ஊரில் எந்தப் புது எந்திரம் வந்தாலும் சந்தனம், குங்குமம் வைத்து, முதல் ஓட்டம் ஒரு ஆண்தான் ஓட்ட வேண்டும் என்பது வழக்கம். அது களை எந்திரமாக இருந்தாலும்! நிலத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆறடி மனிதர். களை எடுக்கும் பெண்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். அவர் கொஞ்சதூரம் குனிந்து தள்ளிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "என்ன பாப்பா, முதுகு ஒடிஞ்சிரும்போல இருக்கே. ஒரு சாண் ஏத்தி வெச்சுக் குடு, இப்பவே வாங்கிக்கிறேன்."

மார்க் போட வந்து வரப்பில் நின்ற சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஏத்திரும்மா, ஒரு வெல்டிங்தானே."

"அவரு ஓட்டப் போறதில்லையே சார்."

"ஓட்டப் போறவங்க வாங்கப் போறதில்லையேம்மா."

ஒரு சாண் ஏற்றினால் கைப்பிடி அம்மாவின் நெஞ்சுக்கு வந்துவிடும். நாளெல்லாம் தோளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் தள்ள வேண்டும். ஏற்றி இறக்குகிற மாதிரி வைக்கலாமே என்றார்கள் கூடப் படித்தவர்கள். வைத்தும் பார்த்தேன், சேறு ஏறித் திருகு இறுகிப்போனது. இறுகாவிட்டாலும், முதலாளி ஏற்றி வைத்ததை எந்தப் பெண் இறக்கியிருப்பாள்? முடியாது என்றேன். சார் ஃபெயில் போட்டார். வேலையும் போயிற்று.

"ஒரு சாணுக்காடி வேலைய விட்ட?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "முதுகு உன்னுதும்மா" என்று கத்தினேன். அழுகை வந்தது. வருத்தத்தில் வந்ததல்ல, ஆத்திரத்தில்.

மறுபடி தேர்வு எழுத அதே எந்திரத்தோடுதான் போனேன். இந்த முறை சந்தனமும் இல்லை, நிலத்துக்காரரும் இல்லை. நேராகப் பெண்கள் கையில் கொடுத்தேன். அவர்கள் கூட்டத்துக்குத் தலைவியாக இருந்த அக்கா ஒரு வயல் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, "இத நாங்களே வாங்கிக்கிறோம்" என்றாள். மகளிர் குழுச் சேமிப்பில் வாங்கினார்கள். சார் ஒத்துக்கொள்ளவில்லை. நிலமே இல்லாதவர்கள் எப்படிக் கஸ்டமர் ஆவார்கள் என்று பேனாவால் தட்டினார். நான் அக்காவைக் கையோடு தேர்வு அறைக்கே கூட்டிப்போனேன். வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "உங்களுக்கு நிலம் எவ்வளவும்மா?" என்று கேட்டார்.

"நெலம் இல்லீங்க. முதுகு இருக்கு" என்றாள் அக்கா. "காசும் நாங்கதான் குடுத்தோம்."

தேர்வாளர் எழுந்து நின்று அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். சார் பாஸ் மார்க்கை மட்டும் போட்டார், ஒன்றுகூடக் கூடுதலாக இல்லை. அந்த ஃபெயிலும் பாஸும் என் மார்க் ஷீட்டில் அப்படியே இருக்கின்றன. நேர்காணல்களில் எவனாவது அதைச் சுட்டிக்காட்டினால், நானே முந்திக்கொண்டு கதையைச் சொல்லிவிடுவேன்.

இன்று நான் பண்ணைக் கருவிகளுக்குத் தயாரிப்பு மேலாளர். அக்காவின் குழு புது எந்திரம் வாங்கியபோது பழையதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சென்ற மாதம் சார் வந்திருந்தார், ஓய்வு பெற்றுவிட்டார். சட்டை அதே வெள்ளை, நடை மட்டும் தளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம், எனக்கும்தான். மூலையில் நின்றதை அடையாளம் கண்டுகொண்டு போய்க் கைப்பிடியைப் பிடித்தார். பிடிப்பதற்குக் குனிய வேண்டியிருந்தது.

"இப்பவும் குட்டையாத்தாம்மா இருக்கு."

"உங்களுக்கு சார்" என்றேன்.