செபம் முடியட்டும்

ஓட்றிக்கு முழங்காலில் இருந்தபடியே அடி வாங்கிப் பழக்கம். பனிச்சையடி ஊரில் பொழுது சாய்ந்தால் அவள் மாதா சுரூபத்தின் முன்னே செபமாலையோடு இருப்பாள். அந்த நேரம் பார்த்துத்தான் புருசன் ஹியூபர்ட் கசிப்புச் சாராயம் மணக்க வந்து சேருவான். முதுகில் உதை விழும். தலைமயிரைப் பிடித்து உலுப்புவான். அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள். கடைசி மணியை முத்தமிட்ட பிறகுதான் எழும்பி, உதட்டு இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மகராசனுக்குச் சோறு போடுவாள்.

குடிவெறி இல்லாத நேரம் அவன் தங்கமான மனுசன் என்று ஊர் சொல்லும். வெறி இல்லாத நேரம் எது என்றுதான் ஒருவரும் சொன்னதில்லை. இரும்புப் பட்டறைக்காரன் கை எப்படி விழும் என்று அவள் முதுகைக் கேட்டால் தெரியும்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் எத்தனையோ தரம் கத்தியிருக்கிறாள்.

"என்னகா புள்ள இது, உன்ட மாதாவா உன்னை அடி வாங்கச் சொன்னவ? எழும்பி ஓடு."

"செபம் முடியட்டும் அக்கா" என்பாள் ஓட்றி.

புத்தி பேதலித்த விசரி இல்லை அவள். சுனாமிக்கு முன் அவர்கள் கடலோரம் டச்பாரில் இருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் செபமாலைதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே ஏதோ இரைச்சல் கேட்டுப் பாதியில் எழும்பி வாசலுக்குப் போனாள். கடல் வீட்டுக்குள் வந்தது. இடுப்பில் இருந்த மகன் ரொபினைத் தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போனது. பிறகு வாவிக்கரைக் கண்டல் வேருக்குள்ளிருந்து பிள்ளையை எடுத்தார்கள். முகம் இருக்கவில்லை.

சவ அடக்கத்தில் ஹியூபர்ட்டின் அக்கா எறிக்கா, "செபத்தைப் பாதியில விட்டுட்டு எழும்பினவள்தானே நீ" என்று ஒரு சொல் சொன்னாள். நாக்கு அழுகாதா அந்த மனுசிக்கு? கடல் பொங்கியதற்கும் இவள் எழும்பியதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு எந்தச் சொல்லும் ஏறும். அன்றிலிருந்து, தொடங்கிய செபமாலையை வீடு எரிந்தாலும் முடிக்காமல் எழும்புவதில்லை என்று நேர்ந்துகொண்டாள். இனிப் பிறக்கும் பிள்ளையையாவது மாதா காப்பாற்றட்டும் என்றுதான் அந்த நேர்த்தி.

பிறந்தவள் பியோனா. பதினான்கு வயதில், தாய் வாங்கும் அடியைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், ஒருநாள் தகப்பனுடைய கசிப்புப் போத்தலை முற்றத்தில் ஊற்றிவிட்டாள்.

அன்று ஹியூபர்ட் செபமாலையோடு இருந்த ஓட்றியின் பக்கமே வரவில்லை. நேரே முற்றத்துக்குப் போனான்.

முதல் அடியிலேயே "மம்மி" என்று ஒரு குரல் வந்தது. எழும்பினால் இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று ஓட்றி பயந்தாள். அருள் நிறைந்த மரியே. எலும்பு முறியும் சத்தம், காய்ந்த விறகு முறிகிற மாதிரி. மறுபடியும் "மம்மி." அருள் நிறைந்த மரியே. இன்னும் ஒரு தரம் கூப்பிட்டாள் பிள்ளை. அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அடி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கூப்பிடுவது நின்றதுதான் ஓட்றியை எழுப்பியது.

பியோனா மண்ணில் குப்புறக் கிடந்தாள். ஒரு கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. அவள் முதுகில் முழங்காலை ஊன்றியபடி, கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஹியூபர்ட் இடுப்புவாரை ஓங்கினான். பட்டறைச் சுத்தியல் வாசலிலேயே கிடந்தது. ஓட்றி அதை எடுத்து, கிணற்றுக்கட்டில் இருந்த அவன் கைமேல் இறக்கினாள். அவன் ஊளையிட்டான். மறுகையால் அவள் கழுத்தைப் பிடிக்க வந்தான். முழங்காலில் இன்னொன்று போட்டாள். விழுந்தவனைத் தாண்டிப் போய்ப் பிள்ளையைத் தூக்கினாள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு எறிக்கா வந்தாள்.

"புருசன்ட கையை முறிச்சிட்டாய். செபத்தையும் பாதியில விட்டுட்டாய். சிலுவையைச் சுமக்கத் தெரியாத உனக்கு என்னத்துக்குச் செபமாலை? குடு இஞ்ச."

"மாதாவும் புள்ள பெத்தவதான் மச்சாள். அவவோட நான் கதைச்சுக்கொள்ளுறன். நீங்க போங்க."

எறிக்கா போனதும் பியோனா கண் திறந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கியிருந்தது.

"நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலையா மம்மி?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஓட்றிக்கு வாய் வரவில்லை.

"கேட்டது மகள். முதல் தரமே கேட்டது."

பியோனா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓட்றி சத்தமில்லாமல் அழுதாள். அழுது ஓய்ந்து, பொழுது சாய்கிற நேரம், வேறு போக்கிடம் தெரியாமல் செபமாலையை எடுத்துக்கொண்டு கட்டிலடியில் முழங்காலில் இருந்தாள்.

"மம்மி, தண்ணி."

மாலையைக் கட்டிலில் போட்டுவிட்டு எழும்பித் தண்ணீர் பருக்கினாள். மறுபடி முழங்காலில் இருந்தாள்.

"மம்மி, தலாணி."

எழும்பித் தலையணையைச் சரிசெய்தாள். முதல் மணியிலிருந்து தொடங்கினாள்.

"மம்மி."

எழும்பினாள். "என்ன மகள்?"

"ஒண்டுமில்ல" என்றாள் பியோனா. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் கூப்பிட்டாள்.