பிள்ளை பெற்றவளின் பங்கு

எழுபத்து நான்கில் இலங்கையின் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கோதுமை மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது அங்கம்மாவும் கணவன் சன்னாசியும் மன்னார்த் தீவுக்கு வந்தார்கள். பேசாலைக்கு அருகே ஒரு தென்னந்தோட்டத்தில் வேலையும் ஓலைக் குடிசையும் கிடைத்தன. கொழுந்து பறித்தவள் தேங்காய் உரித்தாள். உரித்ததில் ஒன்றும் அவளுடையதல்ல. சாப்பாட்டு முறையும் மாறவில்லை. சன்னாசி சாப்பிட்டு எழுந்தபின் சட்டியில் ஒட்டியிருப்பதை வெறும் தேநீரோடு சாப்பிடுவாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான்.

மறுவருடம் பெண் பிறந்தாள். பால் போதவில்லை. பிள்ளை உறிஞ்சிப் பார்த்துவிட்டு அழும். நாளாக ஆக அந்த அழுகையும் மெலிந்தது.

வேலிக்கு அப்பால் கருவாடு போடும் மதலேனா, பால்சுறாவை அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் உள்ளிப்பூண்டும் சேர்த்து வறை செய்து கொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அங்கே அதுதான் கொடுப்பார்கள். தினமும் கொடுத்தும் பலனில்லை. ஒரு மத்தியானம் சட்டியை வாங்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வறை முழுவதும் சன்னாசியின் தட்டில் இருந்தது.

“சன்னாசி, உனக்கோ பால் ஊறவேணும்?”

அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். “எனக்குன்னு நீங்க குடுத்ததா இவ சொன்னாளே!”

“ஓம், நீ பெரிய மாப்பிள்ளை எண்டு ஆக்கித் தாறன்!”

“அவரு மரம் ஏறுறவரு அக்கா. அவரு தின்னா எனக்கு வயிறு நெறஞ்ச மாதிரி,” என்றாள் அங்கம்மா.

“அப்ப பிள்ளைக்கும் அவனையே குடுக்கச் சொல்லு. மடு மாதாவாணை, நாளைக்கு நீ திண்டு முடியுமட்டும் நான் எழும்பன். இவன்தான் உனக்குப் போடவேணும்.”

மறுநாள் மதலேனா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். சன்னாசிக்குப் பரிமாறத் தெரியவில்லை. சோற்றைக் குவித்து அதன்மேல் வறையைக் கொட்டினான். அவன் பார்த்திருக்கச் சாப்பிட அங்கம்மாவுக்குக் கூச்சம். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் கவளம் மெல்ல இறங்கியது. பிறகு கை வேகமானது.

“ஆறுதலாத் தின்னடி. செத்த சுறா, ஓடாது.”

அங்கம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

அதன்பின் தினமும் சன்னாசியே போட்டான். ஞாயிறு பூசை முடிந்து மதலேனா வந்தபோது பிள்ளை தானாகவே மார்பை விட்டுத் தூங்கியிருந்தது. கடைவாயில் பால் வழிந்தது. அங்கம்மா அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சன்னாசியிடம், “சோறு மிச்சம் இருக்கா?” என்றாள்.

“இப்பதானே சாப்பிட்ட?”

“அதுக்கு?”

மதலேனா உரக்கச் சிரித்தாள். பானையில் ஒன்றும் இல்லை. சன்னாசி அரிசி களையப் போனான்.