மாரா ஆற்றங்கரையில் சிவநேசம்

என் மனைவி சிவநேசத்தைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். ஆனாலும் மொன்றியல் டவுன்டவுன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே குசினிக்குத் தலைமைச் சமையற்காரனாக வந்தவன். எங்கள் ஈழத்து ஆட்களில் நான்தான் முதல் ஆள். இல்லை, இன்னொருவர் இருந்தார் என்று சொல்ல நினைக்கிறவர்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள என் சாப்பாட்டுக் கடைக்கு வந்து நேரே சொல்லலாம். பத்தொன்பது வருடமாக அங்கேதான் நிற்கிறேன்.

சிவநேசம் என்னைப் போல் இல்லை. தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்ல மாட்டாள். இருபத்தாறு வருடம் தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்கு இடுப்புப் பட்டி தைத்தாள். தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, வீட்டில் மெசினை வைத்து அயலாரின் உடுப்புகளைத் திருத்திக் கொடுக்கிறாள். மெசினுக்கு எதிரே தொலைக்காட்சி. அதில் எந்நேரமும் பிரெஞ்சுச் சனலில் மிருகங்கள் ஓடும். அவள் பிரெஞ்சு படித்தது அப்படித்தான்.

நான் கடையால் வந்து, "கொஞ்சம் மாத்து, நியூஸ் பாப்பம்" என்பேன்.

"பொறுங்கோ, இப்ப கடக்கப் போகுது" என்பாள்.

கடக்கப் போவது வில்டபீஸ்ட். மாட்டின் கொம்பு, குதிரையின் வால், ஆட்டின் தாடி. மிஞ்சிய சாமான்களைப் போட்டுக் கடவுள் செய்த பிராணி. மிஞ்சியதை வைத்து என்னென்ன செய்யலாம் என்பது ஒரு சமையற்காரனுக்குத் தெரியும். அதனால் நான் அதைப் பழிக்க மாட்டேன். சிவநேசம் பிரெஞ்சுக்காரர் சொல்வது போல 'க்னூ' என்பாள். வருடா வருடம் மழையையும் புல்லையும் தேடி அவை இலட்சக்கணக்கில் தன்சானியாவிலிருந்து கென்யாவுக்கு வரும். வழியில் முதலைகள் கிடக்கிற மாரா ஆறு.

அவளுடைய அறுபத்தாறாவது பிறந்த நாள் நெருங்கியபோது, லவாலில் இருக்கிற எங்கள் மகள் நிருஷா என்ன வேண்டுமென்று கேட்டாள். சிவநேசம் ஊசியில் நூல் கோர்த்தபடியே சொன்னாள்:

"க்னூ ஆறு கடக்கிறதை ஒருக்கா நேர பாக்கவேணும்."

"அம்மா, உங்களுக்கு முழங்கால் நோ. ஜீப்பிலை போட்டுக் குலுக்கும்."

"முழங்காலையோ நான் பாக்கப் போறன்?"

அவ்வளவு காலத்தில் அவள் தனக்கென்று வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். போகிறோம் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். பனிப்புயலுக்கும் பூட்டாத கடையைப் பத்து நாள் பூட்டினேன்.

ஆகஸ்ட் மாதம் கென்யாவில் போய் இறங்கினோம். கூடாரம் என்றார்கள், உள்ளே கட்டிலும் குளியலறையும் இருந்தன. எங்கள் ஜீப்பை ஓட்டியவர் சங்காலே என்ற மசாய் இனத்துக்காரர், பன்னிரண்டு வருட அனுபவம். நான் என் குசினி இங்கிலிசில் அவரோடு கதைக்கத் தொடங்கினேன். பின்னால் இருந்த சிவநேசம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவர் சடாரென்று திரும்பி பிரெஞ்சிலேயே பதில் சொன்னார். பிரெஞ்சுப் பயணிகளைக் கூட்டித் திரிந்து பழகினாராம். அதோடு என் இங்கிலிசுக்கு வேலை போய்விட்டது. இரண்டு பேரும் நாள் முழுக்க க்னூவைப் பற்றியே கதைத்தார்கள்.

சனியும் ஞாயிறும் க்னூக் கூட்டம் ஆற்றங்கரைக்கு வந்தது. ஆயிரக்கணக்கில் நின்றது. தண்ணீரைப் பார்த்தது, குடித்தது. திரும்பிப் போனது.

"உங்கடை சொந்தக்காரர் கலியாண வீட்டுப் பந்திக்கு நிண்டமாதிரி" என்றாள் சிவநேசம். "எல்லாருக்கும் பசி, ஆனா ஒருத்தரும் முதல்லை போய் இருக்கமாட்டினம்."

திங்கட்கிழமை நடந்தது என் பிழை. அதையும் நானே சொல்கிறேன்.

நான் வருடா வருடம் வாடிக்கையாளருக்குக் கடைக் கலண்டர் அடித்துக் கொடுப்பவன். மற்றக் கடைக்காரர் ரொறன்ரோக் கலண்டரில் தங்கள் பெயரைப் போட்டுக் கொடுப்பார்கள். நான் அப்படியில்லை. மொன்றியலில் சூரியன் உதிக்கிற நேரத்துக்கே இராகு காலம் கணித்து அடிப்பிப்பேன். ஆகஸ்ட் மாதத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது இருபது வரை என்று இருந்தது.

சங்காலே ஏழு நாற்பதுக்கு ஓடி வந்தார். கூட்டம் கரையில் முட்டி நிற்கிறது, உடனே ஏறுங்கள் என்றார். ஒன்பது இருபதுக்குப் பிறகுதான் என்றேன். கடை திறந்த நாளிலிருந்து இராகு காலத்தில் நான் ஒரு காரியம் தொடங்கியதில்லை.

"இஞ்சேருங்கோ, அதுகள் ராகு காலம் பாத்தே கடக்குதுகள்?"

"பாக்காததாலைதான் முதலை பிடிக்குது" என்றேன்.

ஒன்பது இருபதுக்கு வெளிக்கிட்டுப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு சேறாகக் கலங்கி ஓடியது. அக்கரையில் நனைந்த முதுகுகள் மேடு ஏறிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒன்பது மணிக்கே முடிந்துவிட்டதாம்.

சிவநேசம் என்னைத் திட்டவில்லை. "அந்தக் கலண்டரைத் தாங்கோ" என்றாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். பிறகு சங்காலேயிடம் இங்கே சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று கேட்டு, விரலில் கணக்குப் பார்த்தாள்.

"இது மொன்றியல் ராகு. இஞ்சத்தை ராகு எட்டுப் பத்துக்குத்தான் தொடங்கியிருக்கு, ஒன்பது நாப்பது மட்டும். நல்ல நேரத்திலை என்னைக் கூடாரத்துக்கை இருத்தி வைச்சுப்போட்டு, ராகுவுக்கை வெளிக்கிட வைச்சிருக்கிறியள்."

சுங்க அதிகாரிக்கும் வீட்டு உரிமையாளருக்கும் பதில் சொன்ன வாய் இது. பின்னேரம் அதே வாயால், "நேசம், பிழை என்னிலைதான்" என்றேன்.

"அது குரங்குக்கும் தெரியும். நாளைக்கு நான் சொல்லுறபடி."

நாளைக்கென்றால் கடைசி நாள். புதன் காலை எங்களுக்கு விமானம்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே வெளிக்கிட்டோம். பதினொரு மணியளவில் எங்கள் கரையில் பெரிய கூட்டம் சேர்ந்தது. சுற்றிவர இருபது முப்பது ஜீப்புகள். வெயில் ஏறியது. கூட்டம் அசையவில்லை. இரண்டு மணிக்கு சங்காலேயின் ரேடியோ அலறியது. கீழ்ப்பக்கத் துறையில் இன்னொரு கூட்டம் தண்ணீரில் இறங்கத் தொடங்கிவிட்டது. ஒரே நிமிடத்தில் எல்லா ஜீப்பும் புழுதி கிளப்பி ஓடின. சங்காலேயும் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார்.

"நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றாள் சிவநேசம். "சனி ஞாயிறு வந்ததுகள் தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் போனதுகள். இண்டைக்கு ஒண்டும் குடிக்கேல்லை. வரிக்குதிரை முன்னுக்கு வந்திட்டுது. பின்னாலை புழுதியைப் பாருங்கோ, இன்னும் வருகுது. பின்னுக்கு நிக்கிறது தள்ளும், முன்னுக்கு நிக்கிறது இறங்கத்தான் வேணும்."

அதையே அவருக்குப் பிரெஞ்சிலும் சொன்னாள். அங்கே நிச்சயம், இங்கே சந்தேகம் என்றார் சங்காலே. அங்கே போகக் கால் மணித்தியாலம். ஆறரைக்குள் முகாமுக்குத் திரும்பவும் வேண்டும். முடிவு சொல்லச் சொல்லி என்னைப் பார்த்தார்.

முப்பது வருடம் குசினியில் நின்ற எனக்கு ஒன்று தெரியும். சோறு வெந்ததா என்று பானைக்கு முன்னால் நிற்கிற ஆளைத்தான் கேட்க வேண்டும். கதவடியில் நின்று கத்துகிறவனை அல்ல. அந்தப் பானைக்கு முன்னால் சிவநேசம் எத்தனையோ வருடம் இருந்துவிட்டாள்.

"இஞ்சினை நிப்பாட்டும், தம்பி" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கியது.

ஒரு மணித்தியாலம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. கீழ்ப்பக்கத்தில் எல்லாம் அருமையாக முடிந்தது என்று ரேடியோவில் ஆட்கள் சிரித்துக் கதைத்தார்கள். சங்காலே ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். சிவநேசத்தின் கை ஜீப்பின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. துணிவில்லை என்று நான் எழுதுவது இது ஒரு தடவைதான்.

நாலு மணிக்குக் கிட்ட, ஒரு வரிக்குதிரை சரிவில் சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. அதன் பின்னால் ஒரு க்னூ. பிறகு கரையே இடிந்து விழுந்தது போல எல்லாம் இறங்கின. சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது. புழுதியில் எதிர்க்கரை மறைந்துபோனது. ஒன்றை முதலை இழுத்ததையும் கண்டேன். மற்றவை அதற்கு மேலால் பாய்ந்து போயின.

சிவநேசம் இருக்கையின் மேல் ஏறி நின்றாள். அந்த முழங்காலோடுதான். நான் கைபேசியை எடுத்து, "படம் எடுக்கட்டோ?" என்றேன்.

"அதை வையுங்கோ, மனுசன். பாருங்கோ!"

அந்தக் கரையில் எங்கள் ஜீப் ஒன்றுதான் நின்றது. முக்கால் மணித்தியாலம் பார்த்தோம். சங்காலே தொப்பியைக் கழற்றி அவளுக்குத் தலை வணங்கினார்.

எல்லாம் கடந்து முடிந்ததென்று நினைத்தபோது, அக்கரையில் ஒரு சிறு கூட்டம் நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு, அவ்வளவு பாடுபட்டுக் கடந்த அதே ஆற்றில் மறுபடி இறங்கி எங்கள் பக்கமே நீந்தி வந்தது.

சிவநேசம் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வடிய, இருக்கையில் இருந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"இதை ஒருநாளும் டீவியிலை காட்டேல்லையப்பா!"

சங்காலே மணிக்கூட்டைக் காட்டினார். நான் காணாதது போல இருந்தேன்.