வேலிக்கு இந்தப் பக்கம்

ஸ்பெயின்காரனோடு சமாதானம் ஆன வருஷம் ஓவியர் லுபர்ட்டுக்கு வலது கை விழுந்தது. காலையில் பீர் குவளையை எடுக்கப் போனவர் அப்படியே மேஜையில் சாய்ந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். பேச்சு திரும்பியது, கையும் காலும் திரும்பவில்லை. எங்கள் ஊரான ஹார்லெமில் அவருடைய நிலக்காட்சிகள் மாட்டாத துணி வியாபாரி வீடு குறைவு. படம் வரையும் பலகையில் முக்கால் பங்கு வானம், கீழே மணல்மேடு, வெளுக்கப் போட்ட துணிகள், மூலையில் தொடங்கி வளைந்து வளைந்து தேவாலயம் வரை போகும் ஒரு பாதை. அதுதான் லுபர்ட்.

அவர் மனைவி மாக்டெல்ட் பல வருஷமாக அவருக்கு வண்ணம் அரைத்தவள். அவசரத்துக்கு மேகங்களும் நிரப்பியிருக்கிறாள். இனி முழுப் படத்தையும் அவளே வரைய வேண்டும், வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்று லுபர்ட் முடிவு செய்தார். தெருப்பக்கத்து ஜன்னலின் கீழ்க்கதவுகள் அன்று முதல் மூடியே இருந்தன. சந்தைக்கும் தேவாலயத்துக்கும் தவிர மாக்டெல்ட் வெளியே வரவில்லை. விஷயம் பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு மட்டும் தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அதைத் தாண்டி எல்லாம் கேட்கும்.

அவள் வரைவாள். அவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

"அடிவானத்தை எதுக்குடி இவ்வளவு மேல தூக்கி வெச்சிருக்க? இறக்கு. வானம் மூச்சு விட வேணாமா?"

"எனக்கு அங்கதான் வருது."

"உனக்கு எங்க வருதுன்னு யாரு கேட்டா? மணல்மேட்டுல உட்கார்ந்து பாக்கறவனுக்கு எங்க தெரியும்னு யோசி."

"நான் மணல்மேட்டுல உட்கார்ந்ததே இல்லையே. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரேன்னா விடமாட்டேங்கறீங்க."

"பொம்பளை ஒருத்தி கரித்துண்டும் காகிதமுமா அங்க உட்கார்ந்தா, மறுநாளே ஊருக்கே விஷயம் தெரிஞ்சுடும். நான் சொல்றதைப் போடு."

சொன்னதைப் போட்டாள். ஆனால் படங்கள் மெல்ல மாறின. முன்புறத்தில் ஒரு கறுத்த வேலி முளைத்தது, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. பாதை மரங்களுக்குப் பின்னால் போகும், மறுபடி வெளியே வராது. வெயில் எங்கோ தொலைவில் ஒரு திட்டாக விழும். அந்த வெளிச்சத்தில் ஓர் ஆள்கூட நிற்கமாட்டான்.

படங்களை வாங்கி விற்கும் யோரிஸ் ஒரு நாள் வந்தார். புதுப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, தள்ளி நின்று, குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"லுபர்ட், உடம்பு விழுந்தப்புறம்தான்யா உன் கை பேசுது! முன்னாடியெல்லாம் அழகா இருக்கும், அவ்வளவுதான். இப்ப பாத்தா நெஞ்சை என்னமோ பண்ணுது. அந்த வேலி இருக்கு பாரு, அபாரம்."

லுபர்ட்டின் வலது கை போர்வைக்கு அடியில் கிடந்தது. இடது கையால் வரையப் பழகிவிட்டதாக யோரிஸிடம் சொல்லி வைத்திருந்தார்கள். "ஏதோ, ஆண்டவன் கிருபை," என்றார் லுபர்ட். மாக்டெல்ட் பீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குவளை நிரம்பி வழிந்தது.

யோரிஸ் போனதும் லுபர்ட் சொன்னார்: "அடுத்த படத்துல வேலி வேணாம்."

"அவர் அதைத்தானே அபாரம்னாரு?"

அவர் சொன்னார்: "உள்ள போக முடியலடி. முன்ன படம் வரைஞ்சா, கண்ணாலயே அந்தப் பாதையில நடந்து போயிடுவேன். இந்தக் கால் போனப்புறமும் போயிட்டுதான் இருந்தேன். நீ அடைச்சுட்ட."

"நானும்தான் போகல," என்றாள் மாக்டெல்ட்.

நான்கைந்து நாள் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் என் கதவைத் தட்டினாள். "அக்கா, மத்தியானம் வரைக்கும் அவர்கிட்ட இருக்கீங்களா? மணல்மேட்டுக்குப் போயிட்டு வரச் சொல்லிட்டாரு." என் கூடையை வாங்கி, கரித்துண்டையும் காகிதத்தையும் அடியில் வைத்து மேலே துணி போட்டு மூடிக்கொண்டு போனாள்.

நான் லுபர்ட்டுக்குக் கறுப்பு ரொட்டியும் மீனும் ஊட்டினேன். அவர் கண் வாசலிலேயே இருந்தது. நாங்கள் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னதாகவே அவள் திரும்பிவிட்டாள். செருப்பெல்லாம் மணல்.

"எங்க உட்கார்ந்த? அந்த ஒத்தைப் புதர் பக்கமா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"எங்கயும் உட்காரல."

காகிதம் வெள்ளையாக இருந்தது. கூடையைத் திருப்பித் தரும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "அவ்வளவு பெரிசா இருக்குக்கா. எதை எடுக்கறது, எதை விடறது? இறக்கு, தூக்குன்னு சொல்ல பின்னால யாரும் இல்ல. கை எழும்பவே இல்ல. ஓடி வந்துட்டேன்." அன்று அவள் அழுததுபோல் நான் முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

குளிர்காலத்தில் லுபர்ட் இறந்தார். விதவை பட்டறையைத் தொடர்ந்து நடத்த ஓவியர் சங்கம் அனுமதிக்கும். மாக்டெல்ட் ஜன்னல் கதவுகளைத் திறந்து வைத்து ஒரு படம் வரைந்தாள். வேலி இருந்தது. அடிவானம் அவள் இஷ்டத்துக்கு உயரத்தில் இருந்தது. மூலையில் தன் பெயரைப் போட்டாள். துணைக்கு நானும் யோரிஸ் கடைக்குப் போனேன்.

யோரிஸ் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சாயல் இருக்கும்மா. கூடவே இருந்து பாத்திருக்கீங்க இல்ல? ஆனா அவர் வேலியில ஒரு வலி இருந்துச்சு. அது எல்லாருக்கும் வருமா?"

மாக்டெல்ட் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும், எந்தப் படத்திலிருந்து என்பது உட்பட. யோரிஸ் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார்.

"இதை வெளிய சொன்னீங்கன்னா வாங்கினவங்க என்னை உயிரோட விடமாட்டாங்க. உங்களையும்தான்," என்றார். கொஞ்சம் யோசித்தார். பேச்சில் தேன் வந்தது. "அவர் முடிக்காம வெச்சுட்டுப் போன படம் வீட்டுல இன்னும் இருக்கும் இல்லையா? தேடிப் பாருங்கம்மா. இருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்? குளிர் முடிய வெகுநாள் இருந்தது. வீட்டில் எரிக்கக் கரிமண் கட்டிகூட இல்லை.

லுபர்ட் முடிக்காமல் வைத்துவிட்டுப் போன படங்கள் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் வந்துகொண்டே இருந்தன. மனுஷன் உயிரோடு இருந்தபோதுகூட இத்தனை வரைந்ததில்லை என்று ஊரில் சிரித்தார்கள். போன வாரம் யோரிஸின் ஆள் மூன்று புதுப் பலகைகளை இறக்கிவிட்டுப் போனான். மாக்டெல்ட் ஜன்னல் கதவுகளைச் சாத்துவது சுவர் வழியாகக் கேட்டது.