எரிக்காமல் விட்ட இடம்

மாசி பிறந்துவிட்டால் மாமாவின் காக்கிச் சட்டையில் புகை வாசனை ஏறிவிடும். அம்மா எத்தனை முறை துவைத்துப் போட்டாலும் அது போகாது. கொடியில் காயும் சட்டைக்குள் முகத்தை நுழைத்து மோந்து பார்ப்பது எனக்கு ஒரு வழக்கம். இன்றைக்கும் எங்கேயாவது காய்ந்த புல்லைக் கொளுத்தினால், போகிற வேலையை மறந்து ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். உடன் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். ஊரப்பாக்கத்தில் எங்களுடையது தெருவின் கடைசி வீடு. பின்வாசலைத் திறந்தால் ஒரு வறண்ட ஓடை, அதைத் தாண்டினால் புல்தரை, அதற்கப்புறம் காப்புக்காடு. காடு என்றதும் வானத்தை மறைக்கிற மரங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். களாவும் காரையும் முள்ளும், இடுப்பு உயரத்துக்குப் புல்லும் மூடிய ஒரு குன்று, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் முயல் இருந்தது, கீரி இருந்தது, மயில்கூட இருப்பதாக மாமா சொல்வார். மூன்று வருஷமாக அவரும் மற்றவர்களும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த வேப்பங்கன்றுகளும் புங்கங்கன்றுகளும் என் தோள் உயரத்துக்கு வந்திருந்தன.

மாமாவுக்கு அந்தக் காட்டில் தீக்காவல் வேலை. வாட்சர் என்பார்கள். கோடைக்கு மட்டும் கூப்பிடுகிற தற்காலிக வேலைதான். இந்த வருஷம் நல்லபடியாக முடிந்தால் நிரந்தரத்துக்கு எழுதுகிறேன் என்று வனத்துறை ரேஞ்சர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பி அம்மா செம்பாக்கத்தில் பெண்ணே பார்த்து வைத்திருந்தாள்.

தீயிலிருந்து காட்டைக் காப்பாற்ற மாமா முதலில் செய்கிற காரியம் காட்டுக்குத் தீ வைப்பது. அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். மாசி மாதம், வெயில் முற்றுவதற்கு முன்னால், காட்டின் ஓரமாக இரண்டு லாரி அகலத்துக்குப் புல்லையெல்லாம் எரித்துவிடுவார்கள். குன்றைச் சுற்றிக் கருப்பு நாடா கட்டியது போல இருக்கும். அதற்கு லைன் என்று பெயர். சித்திரையில் ரோட்டோரம் யாராவது பீடித் துண்டை வீசித் தீ கிளம்பினாலும் லைன் வரைக்கும் வந்து, மேலே தின்ன ஒன்றும் இல்லாமல் அணைந்துவிடும். எரித்த பத்தாம் நாள் அந்தக் கருப்பில் ஊசி ஊசியாகப் பச்சை தெரியும். முயல்கள் அதைத் தேடி வரும். மாமா அதை ஏதோ தானே வரைந்த படத்தைப் பார்ப்பது போல நின்று பார்ப்பார்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது நடந்தது இது.

லைன் எரிக்க நாலு நாள் இருக்கும்போது ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு களாப் புதரடியில் கௌதாரி முட்டைகளைக் கண்டுபிடித்தேன். புல்லுக்குள் சின்னதாக ஒரு குழி, அதில் ஆறு முட்டை. பாலில் டீ ஒரு சொட்டு விட்ட நிறம். யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஓடையைத் தாண்டக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எரிக்கிற சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். மழை பெய்கிற மாதிரி ஒரு சடசடப்பு. மத்தியானம் கடல் காற்று வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதால் பனி ஈரம் உலர்ந்ததுமே தொடங்கிவிடுவார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தப் புதர் லைனுக்குள் இருக்கிறது. பல்கூடத் துலக்காமல் ஓடினேன். முழங்கால் உயரத் தீ ஒரு வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தது. அதன் இரண்டு பக்கமும் பச்சைத் தழைகளோடு ஆட்கள் நின்றார்கள். நான் போய்ப் புதருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

மாமா அப்படிக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஏய், உனக்கு என்ன பைத்தியமா? போ வீட்டுக்கு!"

நான் அழுதபடியே புதரடியைக் காட்டினேன். அவர் குனிந்த பிறகுதான் தாய்ப்பறவை விருட்டென்று கிளம்பிப் போனது. அதுவரை அந்தச் சூட்டில் முட்டைமேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. மாமா குந்தியபடியே கொஞ்ச நேரம் முட்டைகளைப் பார்த்தார். பிறகு தீயைப் பார்த்தார். பிறகு என்னை. "தழையை எடுத்துக்கினு வாங்க," என்று ஆட்களைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் வந்த தீயை அடித்து அணைக்கச் சொன்னார். மண்வெட்டியால் புதரைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் புல்லைச் செதுக்கிப் போட்டார். ஒரு அறை அளவு இடம் எரியாமல் நின்றது.

உடன் வேலை செய்த எல்லம்மாக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "இன்னா தம்பி இது? இத்த வுட்டுட்டுப் போனா அப்புறம் லைன் இன்னாத்துக்கு? வூட்டுக் கதவைச் சாத்திட்டு ஜன்னலத் தொறந்து வெச்ச கணக்கா கீது."

"பொரிச்சதும் ஒரு காலையில வந்து நானே எரிச்சுடறேங்க்கா. பத்து நாளு, பதினஞ்சு நாளு," என்றார் மாமா. என்னிடம் திரும்பி, "இந்த இடத்துக்கு இனிமே நீதான் வாட்சர். பொரிச்ச அன்னிக்கே எங்கிட்ட சொல்லிடணும். புரியுதா?" என்றார்.

எனக்குப் புரிந்தது. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு நான் வகித்த எந்தப் பதவியும் அத்தனை கௌரவமாக இருந்ததில்லை.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் கண்ணில் படாமல் ஓடையைத் தாண்டிப் போய் எட்டி நின்று பார்த்துவிட்டு வருவேன். சாயங்காலம் மாமா வந்து தொட்டித் தண்ணீரில் கால் கழுவும்போது, "வாட்சரம்மா, ரிப்போர்ட் என்ன?" என்று மெல்லக் கேட்பார். நான் சலாம் வைத்து, "ஆறும் பத்திரமா இருக்கு சார்," என்பேன். அம்மா சமையலறையிலிருந்து, "ரெண்டு பேரும் அங்க என்ன குசுகுசுன்னு?" என்பாள். இரண்டு பேரும் சிரிப்போம்.

பங்குனி தொடங்கி ஏழெட்டு நாளில் முட்டைகள் பொரிந்தன. நான் போனபோது ஐந்து ஓடுகள் உடைந்து கிடந்தன. ஒரு முட்டை மட்டும் அப்படியே இருந்தது. தாய்க்குப் பின்னால் பழுப்பு நூல் பந்துகளாக ஐந்து குஞ்சுகள் புல்லுக்குள் உருண்டு போவதைப் பார்த்தேன். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி அதே புதருக்கு வந்து ஒண்டிக்கொண்டன. மாமாவிடம் சொல்ல வீட்டுக்குக் குதித்துக்கொண்டு வந்தேன். வாசலுக்கு வருவதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது. சொன்னால் நாளைக் காலையில் புதரை எரித்துவிடுவார். அதுகள் சாயங்காலம் எங்கே போகும்?

"ரிப்போர்ட் என்ன வாட்சரம்மா?"

"இன்னும் பொரிக்கல சார்."

முதல் நாள் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். மூன்றாம் நாள் சலாம் வைத்துக்கொண்டே சொல்ல வந்துவிட்டது. மாமா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்ப்பார். "சரி, பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போவார். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. வெயில் ஏறிவிட்டது. இனிமேல் எரிப்பது ஆபத்து என்று மாமாவே ஒருநாள் அப்பாவிடம் வேறு எதையோ பேசும்போது சொன்னார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஜெயித்துவிட்டேன்.

சித்திரையில் பள்ளிக்கூட விடுமுறை. ஒருநாள் மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடல் காற்று கிளம்பியது. கூடவே புகையும் வந்தது. மாமா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினார். பின்வாசலில் நின்று பார்த்தேன். ரோட்டுப் பக்கத்திலிருந்து புல்தரை முழுவதும் எரிந்து வந்துகொண்டிருந்தது. மாசியில் நான் பார்த்த சாதுவான தீ இல்லை அது. ஆள் உயரத்துக்கு எழும்பி, காற்று தள்ளிய பக்கமெல்லாம் பாய்ந்தது. லைனை எட்டியதும், மாமா சொன்ன மாதிரியே, அங்கங்கே நின்று தணிந்தது. ஒரே ஒரு இடத்தில் நிற்கவில்லை. களாப் புதர் பந்தமாகப் பற்றிக்கொள்வதையும், எரிகிற புல் பறந்துபோய்க் காட்டுக்குள் விழுவதையும் நான் என் கண்ணால் பார்த்தேன். குஞ்சுகள் அதற்குள் பறக்கக் கற்றுப் போய்விட்டிருந்தன. முதலில் அதை நினைத்துத்தான் நிம்மதிப்பட்டேன்.

மறுநாள் பொழுது விடிந்தும் தீ அடங்கவில்லை. மாமா வீட்டுக்கு வந்தபோது வலது கை முழுவதும் கொப்புளம். புருவம் கருகியிருந்தது. அந்தக் கையை அம்மா பிடித்துக்கொண்டு அழுதாள். அவர், "கன்னு எல்லாம் போச்சுக்கா," என்று மட்டும் சொன்னார். குன்று அடுப்புக்கல் மாதிரி கருத்துக் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து ரேஞ்சர் வீட்டுக்கே வந்தார். அப்பா நாற்காலி போட்டார். எல்லம்மாக்காவும் வெளியே நின்றிருந்தாள். ரேஞ்சர் நல்ல மனிதர்தான், சத்தம் போடவில்லை. அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது.

"காடு பூரா லைன் ஒழுங்கா போட்டிருக்க. அந்த ஒரு இடம் மட்டும் எப்படிய்யா விட்டுப்போச்சு?"

கதவோரம் நின்றிருந்த நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உண்மையைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள ஆசை. மாமா என் பக்கம் திரும்பாமலேயே, "பாப்பா, சாருக்குத் தண்ணி கொண்டா," என்றார்.

சொம்போடு திரும்பி வந்தபோது, "மறந்துட்டேன் சார். அப்புறம் எரிக்கலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லம்மாக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ரேஞ்சர் தண்ணீரைக் குடித்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செம்பாக்கத்துக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அம்மா ஒரு மாதம் புலம்பினாள். "ஒரு ஆம்பளை இதைப் போய் மறப்பானா? தலை எழுத்து!" மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வார். கைக் காயம் ஆறத் தொடங்கியதும், தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை கிடைத்தது. பொங்கலுக்கு ஒருமுறை, அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருமுறை வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தேன், அவர் இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான் பதினொன்றாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் தாம்பரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கூண்டில் கௌதாரிகளை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதற்கென்று தெரியவில்லை, முட்டை பொரிய எத்தனை நாளாகும் என்று அவரிடம் கேட்டேன்.

"இன்னாம்மா, கோழி மாரிதான். மூணு வாரம். அதுக்கு மேல போச்சுன்னா அது கூமுட்டைம்மா. காட்டுப்பக்கம் போற எவனைக் கேட்டாலும் சொல்லுவான்."

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பங்குனி முழுக்க, ஒவ்வொரு சாயங்காலமும், தொட்டியடியில் நின்று என் முகத்தைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்தில் மாமா என்ன நினைத்திருப்பார்? ஒரு காலை போதுமே, அவரே போய்ப் பார்த்துவிட்டு ஒரு தீக்குச்சியைக் கிழித்திருக்கலாமே. ஏன் செய்யவில்லை? கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. எனக்கு இப்போது அவருடைய அன்றைய வயதில் ஒரு மகன் இருக்கிறான். இன்னமும் சில சாயங்காலங்களில் எனக்கு மாமா வேண்டியிருக்கிறது. பதில் சொல்லக்கூட வேண்டாம், கால் கழுவிக்கொண்டு நின்றால் போதும்.

அவர் குடகுக்குப் புறப்பட்ட காலையில் அம்மாவும் அப்பாவும் ஸ்டேஷன் வரைக்கும் போக முன்னால் நடந்துவிட்டார்கள். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு துணிப்பையுமாக மாமா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். எதிரே குன்று கருப்பாக இருந்தது. களாப் புதர் இருந்த இடத்தில் நாலு கரிக்குச்சி நின்றது. மாமா அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"வாட்சரம்மா, ரிப்போர்ட் என்ன?" என்றார்.

பயத்தில் எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. "இன்னும் பொரிக்கல மாமா," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆறிக்கொண்டிருந்த அந்தக் கையை என் தலைமேல் வைத்தார். "சரி. பொரிச்சதும் மாமாவுக்கு ஒரு கார்டு போடு."

"போடறேன்," என்றேன்.

மின்சார ரயில் கிளம்பிப் போகிற சத்தம் கேட்கும்வரை படியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. பாவம் மாமா, கடைசிவரைக்கும் நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.