இறந்தவன் பெயரில் வந்த கேசட்டுகள்

1. அண்ணன் பேசிய முதல் நாள்

அவரை நான் எட்டு முறையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. காதில் கோளாறு இல்லை. கீழே மருந்துக்கடையில் ஷட்டர் இழுத்த சத்தத்துக்குத் திடுக்கிட்டார். "அன்பழகன்" என்ற பெயருக்கு மட்டும், அறையில் இருக்கும் வேறு யாரையோ நான் கூப்பிடுகிறேன் என்பது மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒருமுறை, அந்த வேறு யாரோ எங்கே என்று தன் பின்பக்கம் திரும்பிக்கூடப் பார்த்தார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தஞ்சாவூரில் அந்த மருந்துக்கடை மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, உளவியல் ஆலோசகர் என்று நான் போர்டு மாட்டி நாலு வருடம் ஆகியிருந்தது. ஊருக்கு அது புதுசு. மனசு சரியில்லை என்றால் கோயில், மந்திரிப்பு, அதற்கும் அடங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி. நடுவில் நான் ஒருத்தி. கைரேகை பார்ப்பீர்களா என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. ஊசி போடவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனவர்களும் உண்டு.

அதனால் முதல்முறை வருகிறவர்களுக்கு என்று ஒரு பாடம் வைத்திருந்தேன். நான் டாக்டர் இல்லை, மருந்து தரமாட்டேன், தேவைப்பட்டால் தருகிறவரிடம் அனுப்புவேன். ஒரு செஷன் ஐம்பது நிமிஷம். முதல் நாள் நிறையக் கேள்வி கேட்பேன். பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஒரே நாளில் எதுவும் சரியாகாது, முதல் இரண்டு மூன்று தடவை வரும்போது இருந்ததைவிடத் திரும்பும்போது மனசு கனமாகக்கூட இருக்கும். இங்கே பேசுவது வெளியே போகாது, யார் உயிருக்காவது ஆபத்து என்றால் தவிர.

அன்றும் இதையெல்லாம் ஒப்பித்தேன். "வெளியே போகாது" என்று நான் சொன்னபோது அவருடைய அண்ணன் என் மேஜைமேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அதிலிருந்த அபத்தம் எனக்கு உறைக்கவே இல்லை. நம் ஊரில் வைத்தியத்துக்கு யாரும் தனியாக வருவதில்லை, கூட வந்தவரை வெளியே உட்காரச் சொன்னால் மரியாதைக் குறைவு. நானும் அதே ஊர்க்காரிதானே.

அண்ணன் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர்.

"ஏழு வருஷம் சவூதியில இருந்துட்டு லீவுல வந்திருக்கான் டாக்டரம்மா. வந்ததுலேருந்து இப்புடித்தான். கூப்புட்டாத் திரும்பறதில்ல. சோத்தப் போட்டா, வேற யாருக்கோ போட்டாப்புல தட்டையே பாத்துக்கிட்டு இருக்கான். வேளாங்கண்ணிக்கிப் போயி மொட்டை போட்டாச்சு, கோடாங்கியும் பாத்தாச்சு. ஆறு வாரத்துல டிக்கெட்டு. அதுக்குள்ள தெளிய வச்சுக் குடுத்துடுங்க."

"அங்க தூக்கம் எப்படி இருந்துச்சு?" என்று அன்பழகனைக் கேட்டேன்.

"நல்லாத்தான் தூங்கியிருப்பான்" என்றார் அண்ணன்.

இரண்டு செஷன் இப்படியே போயின. எனக்குத் தெரிந்த மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பிப் பார்த்தேன். அவர் சோதித்துவிட்டுப் போன் செய்தார். "மருந்துக்கு இப்போ வேலை இல்ல மேடம். அந்த ஆள் எதையோ அமுக்கி வச்சிருக்கார். அது உங்க டிபார்ட்மெண்ட்" என்றார்.

2. செல்வி சொன்னது

அன்பழகனின் மனைவி செல்வி ஒரு நாள் காலையில் தனியாகப் படியேறி வந்தாள். கொழுந்தனுக்கு... இல்லை, மூத்தாருக்குத் தெரியாமல் வந்ததாகச் சொன்னாள். முறை தவறிச் சொன்னதற்கு அவளே ஒருமுறை சிரித்துவிட்டு, உடனே அழ ஆரம்பித்தாள்.

"புருஷன் வந்துட்டாருன்னு ஊரே சொல்லுது மேடம். எனக்கு இன்னும் வரல."

"என்ன வித்தியாசம் தெரியுது?"

"புதாத்துல நீஞ்சியே வளந்த மனுஷன். இப்ப தண்ணியைக் கண்டா கால் பின்னாடி போவுது. நான் பேரு சொல்லிக் கூப்புட மாட்டேன், 'என்னங்க'ம்பேன். அதுக்கும் திரும்புறதில்ல. பாப்பா 'அப்பா'ன்னா மட்டும் திரும்புறாரு. எனக்கு அது ஒண்ணுதான் நம்பிக்கை. இந்தத் தடவை பிளேன் ஏறுனா இவரு திரும்பி வரமாட்டாரு மேடம். எனக்கு நல்லாத் தெரியுது."

புதாறு என்பது கல்லணைக் கால்வாய். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நடக்கக் கற்றதும் அதில் இறங்கிவிடும். தண்ணீருக்கு ஏன் பயப்படுகிறார் என்று கேட்டேன். செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் அண்ணன் மறைத்த விஷயம் வெளியே வந்தது.

அன்பழகன் சவூதிக்குப் போனது தலை மாற்றிய பாஸ்போர்ட்டில். இன்னொருவன் பாஸ்போர்ட்டில் இருக்கும் படத்தைப் பிரித்துவிட்டுத் தன் படத்தை ஒட்டிக்கொண்டு போவதற்குத்தான் அந்தப் பெயர். அப்போது அதைப் பலர் செய்தார்கள். பக்கத்துக் கிராமத்தில் மாரிமுத்து என்று ஒரு பையனுக்கு விசா வந்திருந்தது. புதாற்றில் தண்ணீர் திறந்த அன்று குளிக்க இறங்கியவன் திரும்பவில்லை. இரண்டாம் நாள் உடல் ஒதுங்கியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் பாஸ்போர்ட்டும் விசாவும் ஒரு ஏஜெண்ட் வழியாக இவர்களிடம் வந்து சேர்ந்தன.

"அங்க எல்லாருக்கும் அவரு மாரிமுத்துதான். நானே ஏழு வருஷமும் கவர் மேல அந்தப் பேரைத்தான் எழுதுனேன்" என்றாள் செல்வி. "செத்தவனுக்குக் காயிதம் எழுதுனவ நானு."

3. கேசட்

அடுத்த செஷனுக்கு அண்ணனும் தம்பியும் வந்தபோது, அண்ணனைக் கீழே டீக்கடைக்கு அனுப்பினேன். அவருக்குக் கோபம். "கூடப் பொறந்தவனுக்குத் தெரியாம அப்படி என்ன பேச்சு?" என்று கேட்டார். "ஐம்பது நிமிஷம்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அதை மூன்று வாரம் முன்பே செய்திருக்க வேண்டும்.

"உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்றேன்.

அவர் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாரிமுத்துன்னா எனக்குக் கேக்குது மேடம்."

அந்தப் பெயரைச் சொன்னதும் மனிதர் தானாகப் பேசினார். சவூதிக்குப் போன மூன்றாம் வருடம் அவருடைய சொந்த அம்மா இறந்திருக்கிறார். தகவல் வந்தது, லீவு கேட்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"பாஸ்போர்ட்டுல அம்மா பேரு பார்வதின்னு இருக்கு. அம்மா செத்துட்டாங்கன்னு கம்பெனியில சொன்னா, உசிரோட இருக்குற அந்த அம்மாவைக் கொன்ன மாதிரி ஆயிடுமேன்னு தோணுச்சு. சொல்லல. யாருக்கிட்டயும் அழவும் இல்ல."

அதற்கு அடுத்த மாதம், ஊரிலிருந்து லீவு முடிந்து வந்த ஒருவன், தொழிலாளர்கள் தங்கும் காம்ப்பில் ஒரு கேசட்டைக் கொடுத்தான். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு வீட்டார் பேசிப் பதிந்து கொடுத்தனுப்புவது அப்போது வழக்கம். கேசட்டின் மேல் மாரிமுத்து என்று எழுதியிருந்தது. போட்டால், இறந்துபோன மாரிமுத்துவின் அம்மா பேசுகிறார். மழை, நடவு, ஆடு குட்டி போட்டது, எல்லாம் மகனிடம் சொல்வது மாதிரி. அன்பழகன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பிறகு ஒரே ஒரு தடவை, "நல்லா இருக்கேம்மா, சாப்புடுறேன்" என்று பதிந்து அனுப்பிவிட்டார். அம்மாவைப் பறிகொடுத்து அழக்கூட முடியாமல் கிடந்த மனிதன் செய்த காரியம் அது. எனக்கு அவரைத் திட்ட மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த கேசட்டுகள் மாறிவிட்டன என்றார். எப்படி என்று கேட்டேன். பையிலிருந்து ஒன்றை எடுத்து என் டேப்ரெக்கார்டரில் போட்டார்.

பகல் பதினொரு மணி. வெளியே பஸ் ஹாரன் சத்தம், மேலே ஃபேன். கரகரப்புக்கு நடுவே ஒரு பெண்குரல் வந்தது.

"மாரி... சாப்புட்டியாய்யா?"

பிறகு சத்தமே இல்லை. டேப் மட்டும் ஓடுகிறது. கேசட் கெட்டுவிட்டது என்று நான் கையை நீட்டினேன். அதற்குள் அன்பழகன், அதுவரை நான் கேட்டிராத ஒரு குழைந்த குரலில், "சாப்புட்டேம்மா, வெறும் ரொட்டிதான்" என்றார்.

"வெறும் வயித்தோட கெடக்காத. மீனு கெடைக்கிதா அங்க?" என்றது கேசட்.

"கெடைக்கிதும்மா. ருசி இல்ல."

"புதாத்து மீனு மாதிரி வருமா?"

கேள்வியும் பதிலும் இம்மி பிசகாமல் பொருந்தின. அந்த அம்மாள் மகன் பதில் சொல்ல நேரம் விட்டு விட்டுப் பதிந்திருக்கிறார். நாலு வருடமாக இவர் அந்த இடங்களை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நூறு தடவை கேட்டவர், அதனால் பொருந்துகிறது, அவ்வளவுதான். விளக்கம் எனக்கு உடனே பிடிபட்டது. கை மயிர் சிலிர்த்தது மட்டும் அடங்கவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு இடம் இல்லை.

அடுத்த வாரம் அதே கேசட்டைப் போட்டு, பதில் சொல்லாமல் கேட்டுப் பாருங்கள் என்றேன். மனிதருக்கு உதடு துடித்தது, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்புட்டியாய்யா?" என்று கேட்டுவிட்டு டேப் காத்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த அரை நிமிஷத்தில் என் தொண்டை வரைக்கும் பதில் வந்துவிட்டது. யாராவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது.

"வெறும் வயித்தோட கெடக்காத" என்றது குரல்.

அன்பழகன் நிமிர்ந்தார். "நான் பேசலேன்னாலும் அது பாட்டுக்குப் பேசுது மேடம்" என்றார். பிறகு, "அப்ப அது எங்கிட்ட பேசலையா?" என்றார்.

"இல்லீங்க."

அதற்குப் பிறகு அவர் அழுதது தன் சொந்த அம்மாவுக்காக. மிச்சமிருந்த நேரம் முழுவதும் அழுதார். நான் குறுக்கிடவில்லை.

4. பார்வதியம்மாள்

டிக்கெட்டுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மாரிமுத்துவின் அம்மாவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும், அதையும் இந்த அறையில் வைத்தே சொல்ல வேண்டும் என்று அன்பழகன் கேட்டார். செல்வியே போய் அந்த அம்மாளை அழைத்து வந்தாள். பார்வதியம்மாள் நாற்காலியின் நுனியில், மஞ்சள்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எம்பேரு அன்பழகன்மா" என்றார் இவர். "ஒங்க மவன் நான் இல்ல. அன்னிக்கிக் கேசட்டுல பேசுனது தப்பு."

அந்த அம்மாள் அதிரவில்லை. "தெரியும்யா. எம்புள்ளைய அள்ளிக் கரையேத்துனதே நான்தான். எனக்குத் தெரியாதா?"

செல்விக்குப் பொறுக்கவில்லை. "தெரிஞ்சுமா நாலு வருஷம் அனுப்புனீங்க? எங்க குடும்பம் என்னாச்சு தெரியுமா?"

"பேரு அங்க நடமாடுதுன்னு லீவுல வந்தவங்க சொன்னாங்க தாயி. வேலைக்கிப் போவுது, வருதுன்னாங்க. பெத்தவ எப்புடிக் கூப்புடாம இருப்பேன்?"

அன்பழகன் பாஸ்போர்ட்டை எடுத்து அந்த அம்மாள் கையில் கொடுத்தார். பார்வதியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தின்மேல் விரல் வைத்து எது தன் மகன் பெயர் என்று கேட்டார், செல்வி காட்டினாள். பிறகு படத்தையும் எதிரே இருந்த ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேரு அவனுது. மூஞ்சி ஒன்னுது. இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

விமானம் அவர் இல்லாமல் போனது. அண்ணன் வந்து என்னைக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டுப் போனார், நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்பழகன் அதற்குப் பிறகும் எட்டு மாதம் வந்தார். தன் பெயருக்குத் திரும்புவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழகியது. பிள்ளையோடு புதாற்றில் முழங்கால் அளவுக்கு இறங்கியதாக ஒரு நாள் செல்வி வந்து சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. பாஸ்போர்ட்டைக் கொடுத்த அன்று எல்லாரும் படியிறங்கும்போது பார்வதியம்மாள் மட்டும் பாதிப் படியில் நின்று திரும்பிக் கேட்டார். "இனிமே அவன யாரு தாயி கூப்புடுவா?"

வெட்கமாக இருந்தது. கேசட்டைக் கேட்ட நாளிலிருந்து அந்த அம்மாளை நான் அன்பழகனைப் பிடித்த ஒரு வியாதியாகத்தான் பார்த்திருக்கிறேன். அவரும் ஒரு மனுஷி என்பதற்கு என் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. "வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வாங்கம்மா, தனியா வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். மஞ்சள்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, தண்ணீர் திறந்த அன்று காலை மகனுக்கு என்ன கொடுத்துச் சாப்பிடச் சொன்னார் என்பதிலிருந்து ஆரம்பித்து, கரையில் அவன் கிடந்த கோலம் வரைக்கும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். கீழே மருந்துக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஏழு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவருக்கு மாரிமுத்து செத்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒருவரைத் தேற்றி எழுப்பும்போது, அதனால் வேறு எந்த வீட்டில் சாவு விழப்போகிறது என்று முன்கூட்டியே பாருங்கள். அவர்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.