பூக் கேட்டு எடுத்த கால்

முதலில் வலது கால் செருப்பு பத்தாமல் போயிற்று. இடது காலுக்கு வழக்கம்போலப் பத்தியது. ஒரே தோலில் தைத்த ஜோடி. மழையில் நனைந்து ஒன்று மட்டும் சுருங்கிவிட்டது என்று தீர்மானித்து, அதை விளக்கெண்ணெயில் ஊறப்போட்டேன். என் மனைவி சாராள் அடுப்பை ஊதிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, செருப்பு சுருங்குலீங்க. காலு பெருத்திருக்குதுங்க."

"ஊழியம் பெருகுதல்ல? அதான் காலும் பெருகுது" என்றேன்.

இப்படிச் சிரித்துத் தள்ளியவன் எழுதுகிற கட்டுரை இது. காலில் வீக்கத்தோடு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வலிக்கிற வீக்கம் நல்ல வீக்கம். வலிக்காததை நம்பாதீர்கள்.

நான் வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிறு சபைக்கு உபதேசியாக இருக்கிறேன். ஐயர் (எங்கள் பாதிரியார்) வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது என் வேலை. ஐயர் வருகிற ஞாயிறுகள் குறைவு என்பதால் வேலைக்குக் குறைவில்லை. இடுப்பு உயரக் கூரைக்குள் குனிந்து நுழைந்து, சோளக்காட்டு வரப்பில் விழுந்து எழுந்து, வீடுவீடாக ஜெபம் செய்வேன். விழுந்த எத்தனையோ முறைகளில் ஒன்றில் ஒரு கருவேல முள் குதிகாலுக்கு முன்னால் ஏறியது. ஊசியால் எடுத்துப் போட்டேன். பாதி முள்தான் வந்தது போலும்.

எங்கள் சபையார் கிறிஸ்து வேதத்துக்கு வருமுன் எந்தக் காரியத்துக்கும் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். கிணறு வெட்டுவது, பெண் கொடுப்பது, மாடு பிடிப்பது எல்லாம் அப்படித்தான். அதை விட்டுவிட வேண்டும் என்று நான் முதல் பிரசங்கத்திலேயே அடித்துச் சொன்னேன். மாராயக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற விதவை சபை நடுவிலேயே எழுந்தாள்.

"அப்பறம் சாமியக் கேக்காம எப்படிங்க உபதேசியாரே மாடு புடிக்கறது?"

"ஜெபம் பண்ணிக் கேளக்கா. மனசுக்குள்ள சமாதானம் வந்தா அதுதான் பதில்."

"எனக்கு மாட்டப் பாத்ததுமே சமாதானம் வந்துருதுங்களே. மாட்டுக்காரன் வெலையச் சொன்னா போயிருதுங்க" என்றாள்.

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னதில் என் வண்டவாளம் முழுதும் இருந்தது. நானும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஆண்டவரைக் கேட்கிறவன்தான். இன்றைக்கு எந்தத் தெருவில் ஜெபம், மழைக்கு முன் கூரைக்கு ஓடு மாற்றலாமா, ஆட்டுக்குட்டியை விற்கலாமா என்று கண்ணை மூடி உட்காருவேன். நெஞ்சில் ஒரு இளஞ்சூடு பரவினால் சம்மதம். பசியோடு கேட்ட நாட்களில் ஆண்டவர் தவறாமல் களியும் கோழிக்குழம்பும் ஆக்கியிருக்கிற வீட்டுக்கே என்னை அனுப்பினார். அதை வழிநடத்துதல் என்று பத்து வருஷம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன்.

கால் வீங்கிக்கொண்டே போயிற்று. பாதத்தின் மேல் சிறு சிறு முடிச்சுகள் எழுந்து உடைந்தன. துளைகளின் வழியே நீரும் சீழும் வந்தன. அவற்றோடு கரிய, சின்னஞ்சிறு மணிகளும் வந்தன. சாராள் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"கடுகாட்டமே இருக்குதுங்க."

"கடுகளவு விசுவாசம் போதும்னு ஊரெல்லாம் சொன்னேன். அவரு எனக்குக் கால்லயே வெதச்சுட்டாரு, பாரு."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காத முதல் நாள் அது. அதனால்தான் சேலத்துக்கு வண்டி கட்டினோம்.

சேலத்தில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் தெற்கத்திக்காரர். தாழ்வாரத்தில் நோயாளிகளின் வரிசையை நெற்றிச் சுருக்கத்தோடு கடந்து வந்து, என் காலைப் பார்த்ததும் நின்றார். அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"அதான் கெட்டது. வலிச்சிருந்தா முந்தியே வந்திருப்பீர்." துணியில் இருந்த மணிகளை விரலில் உருட்டினார். "இது மதுராக் கால், உபதேசியாரே." (முள்ளோடு மண்ணிலிருந்து உள்ளே போகும் ஒருவகைப் பூஞ்சணம், சதையில் குடியேறி மெல்ல எலும்பையும் தின்கிற நோய்.)

"மதுரைப் பக்கமே போனதில்லைங்களே."

அவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னார்: "மருந்து கிடையாது. எடுக்கணும். இப்ப எடுத்தா பாதத்தோட போகும்."

எடுப்பது என்றால் காலை எடுப்பது. பல்லைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு சின்ன வார்த்தை.

"ஜெபம் பண்ணிட்டு வந்து சொல்றேனுங்க" என்றேன்.

"பண்ணும். நானும் பண்ணுவேன். ஆனா அது ஜெபம் முடியட்டும்னு காத்திருக்காது."

ஊருக்குத் திரும்பினோம். கேட்டேன். ஆட்டுக்குட்டிக்கெல்லாம் உடனே பதில் சொன்னவர் இதற்கு வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடினால் நெஞ்சில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. காலை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் இளஞ்சூடு வரும். அது யாருடைய சூடு என்று எனக்கே தெரிந்திருந்ததால் அதை நம்ப முடியவில்லை. சபை உபவாசம் இருந்தது. நான் உபதேசியாயிற்றே; சபையே கேட்கும்போது பதில் வராமல் போகுமா என்று காத்திருந்தேன். சோளம் அறுத்தார்கள். கடலை போட்டார்கள். கடலையும் பிடுங்கினார்கள். கால் ஒரு பூசணிக்காய் அளவுக்கு வந்தது. ஜெபத்துக்கு நான் போகவில்லை. வீடுகள் என்னிடம் வந்தன.

இதே நிலையில் இருக்கிற சகோதரர்களே, காத்திருப்பதும் ஒரு தீர்மானம்தான். அதை நாம் எடுக்கவில்லை என்று எண்ணிக்கொள்வதுதான் அதில் உள்ள சுகம்.

மறுபடி சேலத்துக்குப் போனபோது கணுக்காலைத் தாண்டி மேலேயும் துளைகள் விழுந்திருந்தன. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "இப்ப முழங்காலுக்குக் கீழே" என்றார். "நாளைக்குக் காலையில சொல்லும். இல்லைன்னா கட்டிலை வேற ஆளுக்குக் கொடுக்கணும்."

விடிந்தது. சாராள் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்துப் படுக்கையில், என் வேதப்புத்தகத்தின் மேல் வைத்தாள். பூவரச இலை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன புள்ள இது? நான் உபதேசி."

"தெரியுமுங்க. எடுங்க."

"பக்கத்துக் கட்டிலுக்காரரு பாக்கறாரு."

"அவரு இந்து தானுங்க. அவருக்கு ஒண்ணும் தப்பாத் தெரியாது. எடுங்க சாமி."

அவள் என்னைச் சாமி என்று சொல்வது அபூர்வம். எங்கள் பக்கம் குழந்தையையும் பெரியவரையும் சாமி என்போம். அந்தக் காலையில் நான் இரண்டில் எதுவாக அவளுக்குத் தெரிந்தேனோ. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

இரண்டு அறுவடையாகப் பூட்டிக் கிடந்த ஏதோ ஒன்று திறந்தது. அழுகையும் வந்தது, கூடவே பழைய குறும்பும் வந்தது. இன்னொன்றையும் எடுத்தேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பிரித்தேன். அதுவும் வெள்ளை.

"செவப்பு எங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பறிக்கோணும்னுதாங்க செடிக்கிட்டப் போனேன். கை போவுலீங்க."

"ஆண்டவரையே ஏமாத்தறயா?"

"அவரு கோவிச்சுக்க மாட்டாருங்க. கோவிச்சாலும் நான் பேசிக்கறேன். நீங்க இருக்கோணும்."

டாக்டர் வந்தார். "எடுத்துருங்க" என்றேன். பதில் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். நான் சொன்ன எத்தனையோ சாட்சிகளில் இளஞ்சூடு இல்லாமல் சொன்ன முதல் சாட்சி அது. மெய்யானதும் அதுவாகவே இருக்க வேண்டும்.

குளோரோபாரம் (மூக்கில் துணி வைத்துத் துளித்துளியாக விடும் மயக்க மருந்து) அழுகிய பழத்தின் இனிப்பு வாடை அடிக்கும். சங்கீதம் சொல்லிக்கொண்டே தூங்குவதாக டாக்டரிடம் சொல்லியிருந்தேன். மாட்டுச் சந்தை விலை சொன்னேனாம்.

எடுத்த காலை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. சாராள் கேட்டிருக்கிறாள். துணியில் சுற்றி ஓலைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு ஊர் வண்டியில் போய், எங்கள் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் புதைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். மாராயக்கா குழியருகே நின்று, "பாட்டுப் பாடோணுங்களா, காலுக்கு?" என்று கேட்டாளாம். யாருக்கும் தெரியவில்லை. சரி என்று ஒரு பாட்டு, அதிலும் பாதிதான், பாடினார்களாம்.

"மிச்சப் பாட்டு?"

"மிச்ச ஆளுக்குங்க" என்றாள் சாராள்.

புண் ஆறியது. ஆனால் இல்லாத பாதம் அரித்தது. நடுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், சரியாக அங்கே. டாக்டர் இதை நரம்பின் ஞாபகம் என்றார் (அறுத்த நரம்பின் நுனி, பாதம் இருப்பதாகவே மூளைக்குச் சேதி சொல்லிக்கொண்டிருப்பது). "எறும்பு ஏறுதாட்டத் தெரியுது. போய்ப் பாரு" என்று ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் சாராளிடம் விளையாட்டுக்குச் சொன்னேன். அவள் காலைப் புதைத்த இடத்துக்கே போய்ப் பார்த்தாள். மேலே ஒரு பலகைக் கல்லை வைத்து, சுற்றிலும் சாம்பல் தூவிவிட்டு வந்தாள். அன்றைக்கு அரிப்பு நின்றது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

கவைக்கோல் ஊன்றி நடக்கப் பழகினேன். முன்பு ஒரு தெருவுக்குப் போகிற நேரத்தில் இப்போது பாதித் தெருவுக்குப் போனேன். பாதித் தெருவில் இத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது இரண்டு காலோடு ஓடியபோது தெரியவில்லை. தூரமான வீடுகளுக்குச் சாராள் போனாள். "உபதேசியம்மா பண்ற ஜெபம் சின்னதுங்க, சோறு ஆறறதுக்குள்ள முடிஞ்சிருது" என்று மாராயக்கா மெச்சிக்கொண்டாள். என்னைக் குத்தத்தான்.

அப்படிப் போன ஒரு வீட்டிலிருந்துதான் காய்ச்சலைக் கொண்டு வந்தாள். டைபாய்டு (தண்ணீரால் பரவும் குடல் காய்ச்சல்). முதலில் தலைவலி என்று படுத்தாள். மறுநாள் என்னைப் பார்த்து யாரோ என்பதுபோல விழித்தாள். சபையார் கூடினார்கள். இந்த உடம்பை வண்டியில் குலுக்கலாமா, கூடாதா, ஜெபித்துப் பார்ப்போமா என்று பேச்சு எழுந்தது. நான் யாரையும் ஜெபிக்க விடவில்லை. "மாட்டப் பூட்டுங்க. வழியில ஜெபிக்கலாம்" என்றேன்.

வண்டியில் வைக்கோல் பரப்பி அவள் தலையை என் இடது தொடையில் வைத்துக்கொண்டேன். அவள் குலுங்காமல் இருக்கக் குறைக்காலைச் சக்கரத்துப் பக்கம் முட்டுக் கொடுத்தேன். வெயில் ஏறியது. அவளுக்குத் தெளிவு வந்து மேலே பார்த்தாள்.

"எங்கீங்க போறம்?"

"சேலத்துக்கு."

"கேட்டுட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்னங்க வந்துச்சு?"

"ரெண்டும் வெள்ள" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. உதடு வெடித்திருந்தது; அதனால் கண்ணால் மட்டும் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்தான். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். தாமதமாக வந்தோமா என்று அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். இல்லை, சரியான நேரத்துக்கு வந்தீர் என்றார். அது என்னைத் தேற்றச் சொன்ன பொய்யல்ல. அவருக்குப் பொய் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் மணி அடிக்கும்போது அவள் போய்விட்டாள்.

தாமதித்தேன், பிழைத்தேன். தாமதிக்கவில்லை, அவள் பிழைக்கவில்லை. இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துத் தரச் சொன்னால் என்னால் முடியாது. பிரசங்கத்திலும் இதைச் சொல்வதில்லை. இப்போதும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஆண்டவரைக் கேட்கிறேன். பதிலுக்குக் கண்ணை மூடி உட்காருவதில்லை, அவ்வளவுதான். கேட்டுவிட்டு, யார் பிழைக்க வேண்டுமோ அவர்கள் பக்கமாகக் கவைக்கோலை ஊன்றிவிடுகிறேன். அதற்குமேல் அவர் கோபித்துக்கொண்டால் பேசிக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறது.

அவளை என் காலுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். நான் இப்போது ஒரே ஆள் இல்லை. கொஞ்சம் முன்னாலேயே மண்ணுக்குள் போய் அவளுக்காக இடம் பார்த்து வைத்திருந்த நான் ஒருவன். பின்னால் தங்கி, காலையில் எழும்போதெல்லாம் இல்லாத பாதத்தைத் தரையில் ஊன்றப் போகிற நான் இன்னொருவன். பாதம் இப்போது அரிப்பதில்லை. மழை பெய்தால் மட்டும் சில்லென்று இருக்கிறது. அன்றைக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன்.

அங்கே போனதும் ஒரு யோசனை வரும்: பலகைக் கல் பக்கம் உட்காருவதா, அவள் பக்கம் உட்காருவதா? இது ஒன்றை மட்டும் ஆண்டவரிடம் கேட்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கிறது. கவைக்கோலைச் சாய்த்து வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்து, அவர்கள் பாதியில் விட்ட பாட்டின் மிச்சத்தை மெதுவாகப் பாடிப் பார்க்கிறேன். இன்னும் முழுதாக மனப்பாடம் ஆகவில்லை.